தீவு மாளிகையின் ரகசியம்

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு. தீவு முழுவதும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம்! தாத்தா ஹாரிஸ் சின்கிளேருக்கு ஒரு மாளிகை. அவருடைய மூன்று பெண்களுக்கும் ஆளுக்கொரு வீடு.

இது கதையில் வரும் தீவு. ஈ. லாக்ஹார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இளைஞர்களுக்காக எழுதிய மர்ம நாவல், "வீ வேர் லையர்ஸ்". "நாங்கள் பொய்யர்களாக இருந்தோம்" என்று பொருள். 2014-ல் வெளிவந்தது. 2025-ல் தொடர் படமாகவும் வந்தது.

மூத்த பேத்தி கேடன்ஸ். அவளுக்கு 15 வயதில், கோடை விடுமுறையில் ஒரு விபத்து. கரையோரத்தில் தனியே கிடந்தாள். என்ன நடந்தது? அவளுக்கு நினைவில்லை. தாயைக் கேட்டால், "உனக்கே நினைவு வரட்டும், டாக்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்கிறாள்.

இரண்டு ஆண்டு கழித்துத் தீவுக்குத் திரும்புகிறாள் கேடன்ஸ். பழைய காட்சிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன.

பாட்டி இறந்ததும் சொத்துச் சண்டை மூண்டது. தாத்தா அதை அடக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு எதிராக இன்னொரு பெண்ணைத் தூண்டிவிட்டார். தாய்மார்களோ, "தாத்தாவிடம் நயமாகப் பேசு" என்று பிள்ளைகளை ஏவினார்கள். கேடன்ஸ் நேசித்த காட், இந்திய வம்சாவளிப் பையன். அவனைத் தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வெளியே எல்லோர் முகத்திலும் புன்னகை! அழக்கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டளை.

பிள்ளைகள் பொறுமை இழந்தார்கள். பிறகு நடந்ததுதான் ரகசியம். அதைப் படித்தே அறியவேண்டும்.

மாளிகையானால் என்ன, குடிசையானால் என்ன? பெரியவர்களின் சொத்துச் சண்டையில் பிள்ளைகளைப் பகடைக்காய் ஆக்கினால், அந்த வீடு நிலைக்காது.