வைகை அணைக்கு எதற்கு மூன்று எச்சரிக்கை?



நம்ம வைகை பாதி நாள் மணலாகத்தான் கிடக்கும். நானும் அதில் இறங்கிக் கிரிக்கெட் ஆடியிருக்கிறேன். ஒருநாள் அம்மா, "அணைக்கு மூணாவது எச்சரிக்கை விட்டாச்சு, ஆத்துப் பக்கம் போகாதே" என்றார். "இங்கே வெயில்தானே அடிக்குது!" என்று சிரித்தேன். பிறகுதான் விவரம் புரிந்தது.

ஆண்டிபட்டி அருகே உள்ள வைகை அணையை 1959-இல் முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். பாசனம், மதுரைக்குக் குடிநீர், கொஞ்சம் மின்சாரம் எல்லாம் இதனால்தான். 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதன்பின் உபரி நீரைத் திறப்பார்கள். மழை பெய்வது மலையில். வெள்ளம் வருவது மதுரைக்கு!

அணைகளுக்கு 'ஆபத்து வகைப்பாடு' என்று ஒன்று உண்டு. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டமும் அதைச் சொல்கிறது. 'அதிக ஆபத்து' என்றால் அணை பலவீனம் என்று அர்த்தமில்லை. ஒருவேளை உடைந்தால் கீழே எத்தனை உயிர், வீடு, வயல் பாதிக்கும் என்ற கணக்குதான் அது. உறுதியான அணையானாலும் கீழே ஊர் இருந்தால் ஆபத்து அதிகமே. 1979-இல் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அணையைக் காப்பது பொறியாளர்கள் வேலை. எச்சரிக்கை கேட்டதும் பந்து ஆற்றில் கிடந்தாலும் விட்டுட்டுக் கரையேறுவது நம்ம வேலை!