வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இன்டர்காம்

நம் வீடுகளில் இப்போது கம்ப்யூட்டர் இல்லாத வீடு அபூர்வம். பல வீடுகளில் ஒன்றுக்கு மூன்றாகவே இருக்கிறது. மூத்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று, இளையவளின் ஆன்லைன் வகுப்புக்காக 2020-ல் அவசர அவசரமாக வாங்கிய லேப்டாப் ஒன்று, வீட்டுக் கணக்கு, வருமான வரிக்கென்று இன்னொன்று. வாங்குவதில் நாம் குறை வைக்கவில்லை. ஆனால் ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

ஊர்க் கோயில் கும்பாபிஷேகப் படங்கள் ஒன்றில் இருக்கும். வாடகை ஒப்பந்தத்தின் நகல் இன்னொன்றில் இருக்கும். வீடு மாறும்போது கேஸ் இணைப்புக்காக அதைக் கேட்டால், வீடு முழுக்கப் பென் டிரைவ் தேடும் படலம் ஆரம்பமாகும். கிடைத்த பென் டிரைவில் யார் வீட்டு வைரஸ் குடியிருக்கிறதோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம்!

இந்த அவஸ்தை தேவையே இல்லை. வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைப்பது எளிது. அதற்கு வேண்டிய முக்கியமான பொருள் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. மும்பையில் என் இரண்டு அறை வாடகை வீட்டில் இதைச் செய்து பல வருடங்களாக உபயோகித்து வருகிறேன். அதில் தெரிந்துகொண்டவற்றை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை

கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைக்கும் 'ஈதர்நெட்' என்ற முறையை 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்கால்ஃப் என்பவர் வகுத்தார். நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் அந்த நிறுவனத்துடையதுதான். 1983-ல் இது உலகப் பொதுத் தரமாயிற்று. தொண்ணூறுகளில் ஆபீஸ்களில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: கேபிள் டி.வி. ஒயர் மாதிரி ஒரு கறுப்பு ஒயர் மேஜைக்கு மேஜை ஓடும். அதன் இரு முனைகளிலும் 'டெர்மினேட்டர்' என்று சின்ன மூடி போட்டிருக்கும். யாராவது நாற்காலியை இழுத்து ஒயர் கழன்றுவிட்டால் அந்த வரிசையே செத்துப்போகும்.

சாதாரணக் கம்ப்யூட்டர்களே ஒன்றுக்கொன்று ஃபைல் கொடுத்து வாங்கும் வசதி 1992-ல் 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' மூலம் பரவலாயிற்று. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிஜெல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள், பிறகு 'சாம்பா' என்ற பெயரில் லினக்ஸ் போன்ற மற்ற முறைகளையும் விண்டோஸோடு பேச வைத்தது. நம் சாம்பாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! இதன் அடிப்படையான 'எஸ்.எம்.பி.' என்ற முறையின் மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் வார்த்தையை அகராதியில் தேடிப் பிடித்த பெயர் அது.

இன்டர்காமுக்கு பில் உண்டா?

இன்டர்நெட் கம்பெனிக்காரர் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் 'ரௌட்டர்' பெட்டி இரண்டு வேலை செய்கிறது. வெளியுலகத்தோடு இணைப்பது ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பது மற்றொன்று. இரண்டாவது வேலையை நாம் யாரும் வாங்கிக்கொள்வதில்லை.

"ஃபைல் அனுப்பினால் மாதாந்தர டேட்டா தீர்ந்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். தீராது. நம் கட்டடத்து இன்டர்காமை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடியிலிருந்து வாட்ச்மேனோடு பேசினால் டெலிபோன் பில் வருவதில்லை. அதுபோலத்தான் இதுவும். வெளி இன்டர்நெட் அறுந்து கிடந்தாலும், ரௌட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வீட்டுக்குள் பரிமாற்றம் நடக்கும்.

ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று ஆரம்பிக்கும். இந்த வகை எண்கள் வீட்டு, ஆபீஸ் உபயோகத்துக்கென்றே 1996-ல் வரையறுக்கப்பட்டவை. இன்டர்காம் எண் மாதிரி, உங்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். அடுத்த வீட்டிலும் அதே எண் இருக்கலாம், குழப்பம் வராது.

ஒயரா, வை-ஃபையா?

இரண்டும் உதவும். படம் பார்க்க, ஒன்றிரண்டு ஃபைல் எடுக்க வை-ஃபை தாராளம். அதில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி எட்டும், ஆனால் வேகம் குறைவு. அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லார் வீட்டுப் பெட்டிகளும் அதில் முட்டிமோதிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனமான சுவர்கள் அதை வாட்டிவிடும். ரௌட்டர் இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டர் இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள்.

மொத்தமாக நகல் எடுக்க ஒயர்தான் உத்தமம். கணக்குப் பாருங்கள். 100 ஜி.பி. அளவுள்ள குடும்பப் படங்களை 100 மெகாபிட் இணைப்பில் அனுப்ப 2 மணி 13 நிமிடம் ஆகும். 1000 மெகாபிட் இணைப்பில் 13 நிமிடம் சொச்சம். இது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் டிஸ்கின் வேகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும்.

'கேட் 5-இ' என்று கேட்டு வாங்குங்கள். 1000 மெகாபிட் வேகத்தை 100 மீட்டர் தூரம் வரை அது தாங்கும். அதனுள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100-க்கு இரண்டு ஜோடி போதும். 1000-க்கு நான்கும் வேண்டும். அதனால் ஒரு கம்பி உள்ளே முறிந்தாலும் சில சமயம் இணைப்பு அறுவதில்லை. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகிறது. வேகம் திடீரென்று பத்தில் ஒன்றாகக் குறைந்தால் முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். ரௌட்டரின் துளைகளும் 1000-க்கு ஏற்றவைதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

"வாடகை வீடு, 11 மாத ஒப்பந்தம், சுவரில் ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டும்" என்பவர்களுக்கு நாடா மாதிரித் தட்டையான ஒயர் கடைகளில் கிடைக்கிறது. கதவு நிலையை ஒட்டி, சுவரின் அடியோரமாக விட்டால் துளை போட வேண்டியதில்லை. வீடு காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

செய்முறை

விண்டோஸ் உள்ள இரண்டு கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ரௌட்டரில் இருக்க வேண்டும். ஒன்று 'கெஸ்ட்' வை-ஃபையிலும் மற்றொன்று வழக்கமான வை-ஃபையிலும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றை மற்றொன்று பார்க்காது.

முதலில் இரண்டிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வீட்டு இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். ரயில் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களில் இணைப்பு எப்போதும் 'பப்ளிக்' ஆகவே இருக்கட்டும்.

அடுத்து, அதிக இடமுள்ள கம்ப்யூட்டரில் 'குடும்பம்' என்று ஒரு ஃபோல்டர் தொடங்குங்கள். அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங் என்று போய், பகிர்வதற்கான கட்டத்தில் டிக் செய்யுங்கள். பர்மிஷன்ஸில் யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று குறிப்பிட வேண்டும். அதே ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி என்ற பகுதியிலும் அனுமதி உண்டு. இரண்டும் முரண்பட்டால் கண்டிப்பானதுதான் செல்லும். மாமியார் சரி என்றாலும் மாமனார் தலையாட்டினால்தான் காரியம் நடக்கும் என்பது மாதிரி!

மற்ற கம்ப்யூட்டரில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு, ஒட்டினாற்போல் முதல் கம்ப்யூட்டரின் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். பெயருக்கு மசியவில்லை என்றால் அதன் 192.168 எண்ணை அடித்துப் பாருங்கள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது, தினமும் கம்ப்யூட்டரைத் திறக்கும் நாலு இலக்க 'பின்' எண்ணைப் போடுகிறார்கள். அது செல்லாது. பின் எண் அந்தக் கம்ப்யூட்டரோடு சரி. நெட்வொர்க்கில் கணக்கின் முழுக் கடவுச்சொல்தான் வேண்டும். பகிரும் கம்ப்யூட்டரில் இதற்கென்றே ஒரு தனிக் கணக்கு தொடங்கி, அதன் கடவுச்சொல்லை வீட்டாருக்கு மட்டும் சொல்லிவிடுவது சுலபமான வழி.

ஆப்பிள் கம்ப்யூட்டர்களும் 2013-லிருந்து இதே எஸ்.எம்.பி. முறையைத்தான் முதன்மையாக வைத்திருக்கின்றன. ஐபோனின் ஃபைல்ஸ் பகுதியில் 2019-லிருந்து இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டு போனுக்கு இதைச் செய்யும் செயலிகள் கிடைக்கின்றன. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது அவர்கள் சொத்து, அவர்கள் சட்டம்.

பகிரும் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் கதவு மூடிக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள். தேவையான நேரத்தில் 'ஸ்லீப்' போகாமல் மாற்றி வையுங்கள்.

தமிழ் எழுத்து தகராறு

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் தமிழில் டைப் செய்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டுக்குப் பிறகு 'டாம்', 'டாப்' என்று தரங்கள் வந்தன. அதன் பிறகே யூனிகோட் பரவியது. அந்தக் காலத்து ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த எழுத்துரு ஃபைலையும் எடுத்து, அதே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். எழுத்துரு கையில் இருந்தால் படிக்கலாம்; யூனிகோடுக்கு மாற்றவும் முடியும். சங்கத்தின் பழைய மலர்களை டைப் செய்த அன்பர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

பகிர்வது வேறு, பாதுகாப்பது வேறு

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. ஒரு ஃபைல் மூன்று கம்ப்யூட்டர்களில் தெரிகிறது என்பதால் மூன்று பிரதிகள் இருப்பதாக அர்த்தமில்லை. இருப்பது ஒன்றுதான், மூன்று ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறோம். அது போனால் மூன்றிலும் போகும்.

என் அத்தை பாடிய நலங்குப் பாட்டுகளும் ஊஞ்சல் பாட்டுகளும் மூன்று கேசட்டுகளில் இருந்தன. எழுத்தில் எங்கும் இல்லாத பாட்டுகள். அத்தைக்கு அவர் பாட்டி சொல்லிக் கொடுத்தவை. மும்பை மழைக்காலத்து ஈரத்தில் கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும், என் தம்பி அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். மொத்தம் 3 மணி நேரம், 2 ஜி.பி.க்குள் அடங்கிவிட்டது. வீட்டில் இணைப்பு போட்டதும் நான் செய்த முதல் காரியம், லேப்டாப்பிலிருந்த அந்தப் பாட்டுகளை மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களிலும் உண்மையான நகல்களாக இறக்கியதுதான். ஒரு நிமிட வேலை. அடுத்த வருடம் அந்த லேப்டாப்பின் டிஸ்க் ஒரேயடியாக நின்றுபோயிற்று. அத்தை இன்று இல்லை. என் மகளின் கல்யாணத்தில் நலங்குக்கு அவர் குரல்தான் ஒலித்தது.

கெட்டுப்போவது மட்டுமல்ல, கொள்ளையும் உண்டு. 2017 மே மாதம் 'வான்னக்ரை' என்ற வில்லங்க மென்பொருள், எஸ்.எம்.பி.யின் மிகப் பழைய வடிவத்திலிருந்த ஓட்டை வழியாகச் சுமார் 150 நாடுகளில் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளிவந்திருந்தது! ஆகவே அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் மனதில் கொள்ளுங்கள். பழைய பிரிண்டருக்காக யாராவது 'எஸ்.எம்.பி. 1'-ஐத் திறந்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொக்கிஷமான ஃபோல்டர்களுக்கு மற்றவர்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி போதும். ஒரு கம்ப்யூட்டரில் புகுந்த திருடன், மாற்ற அனுமதியுள்ள எல்லாப் பகிர்வுகளிலும் கை வைப்பான்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வெளியிடத்தில் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் விதி. இந்த மூன்றாவது நிபந்தனையில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. வெளியூரில் குடியேறிய நமக்குத் தமிழ்நாட்டில் அண்ணன் வீடோ, அக்கா வீடோ இருக்கிறது. ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் எல்லாவற்றையும் ஏற்றி, கடவுச்சொல்லால் பூட்டி, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவர்கள் பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள். அவர்களுடைய படங்களின் பிரதியை நீங்கள் வாங்கி வாருங்கள். அடுத்த வருடம் போகும்போது புதியவற்றைச் சேர்த்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். நம்மைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். எந்தப் படத்தில் இருப்பது எந்தத் தாத்தா என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கும் வேலை மட்டும் நம்முடையது. அதை அவர்களால் செய்ய முடியாது.