அச்சுத் தொழிலாளியின் ஓய்வு

உத்தியோகத்தில் அமர்ந்த அன்றே அதைவிட்டு விலகும் நாளையும் குறித்துக்கொள்ளும் வாலிபர்கள் இக்காலத்தில் பெருகி வருகிறார்கள். வரவில் பாதியை மிச்சம் பிடிப்பது, ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்ந்தவுடன் முதலாளிக்கு வணக்கம் கூறிவிடுவது, இதுவே அவர்களுடைய சங்கற்பம். அமெரிக்காவில் வேரூன்றிய இக்கொள்கை நம் படித்த வகுப்பாரிடையேயும் பரவியிருக்கிறது. இவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுகிற பெரியவர்களோடு சேர நாம் விரும்பவில்லை. ஆனால், இக்கொள்கைக்கு மூலபுருஷர் என்று சொல்லத்தக்க ஒருவருடைய வரலாற்றை இவர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-ம் வருஷத்தில் பாஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை மெழுகுவர்த்தியும் சவுக்காரமும் செய்து விற்று ஜீவித்தவர். அவருக்கு மக்கள் 17 பேர். பிராங்க்ளினுடைய பள்ளிப்படிப்பு இரண்டு வருஷத்தோடு நின்றது. 12-வது பிராயத்தில் தமையனாருடைய அச்சுக்கூடத்தில் தொழில் பழக விடப்பட்டார். சுமார் 16 வயதில் மாமிசத்தை விட்டார். தம் சாப்பாட்டுக்குத் தமையனார் செலவிடும் தொகையில் பாதியைக் கையில் கொடுத்தால் போதும், தம் உணவைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பாதியிலும் பாதி மிஞ்சிற்று. அது புஸ்தகங்களாக மாறிற்று. மற்றவர்கள் உண்ணப் போன வேளையில் அச்சுக்கூடத்தில் தனித்திருந்து அவற்றைப் படித்தார். பணத்தோடு பொழுதையும் சேர்த்து மிச்சம் பிடித்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

பின்னர் பிலடெல்பியாவில் சொந்த அச்சுக்கூடம் நடத்தியபோது, வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் வைத்து வீதி வழியே தள்ளிச் செல்வாராம். ஊரார் அதைப் பார்க்கவேண்டும் என்பதும் அவர் நோக்கந்தான். அதை அவரே தமது சரிதத்தில் ஒளியாமல் எழுதியிருக்கிறார். கோர்ட்டில் பழகிய நமக்கு இவ்வித ஒப்புதல் வாக்குமூலம் மிகவும் பிடித்திருக்கிறது.

காலையில் அவருக்கு ரொட்டியும் பாலும் ஆகாரம். இரண்டு பென்ஸ் விலையுள்ள மண்கிண்ணமும் மலிவான கரண்டியுமே பாத்திரங்கள். ஒருநாள் பார்த்தால், சீனப் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் எதிரே இருந்தன. மனைவி டெபோரா 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியிருந்தாள். அண்டை வீட்டாருக்கு உள்ளது தன் கணவருக்கும் வேண்டாமா என்பதைத் தவிர அவள் வேறு காரணம் கூறவில்லை. காலப்போக்கில் அந்த வீட்டுப் பீங்கான் பல நூறு பவுன் மதிப்புக்கு வளர்ந்துவிட்டதாம்! ஆடம்பரம் எப்படி நுழைகிறது என்பதற்காக அவர் இதைச் சொல்கிறார். நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. கடையைக் கவனித்து, துண்டுப் பிரசுரங்களை மடித்துத் தைத்து, காகிதம் செய்கிறவர்களுக்காகக் கந்தல் வாங்கிச் சேர்த்தவள் அந்த அம்மாள். அவள் உழைப்பில் 23 ஷில்லிங் பெறாதா?

ஆத்ம பரிசோதனைக்காகவும் அவர் ஒரு கணக்குப் புஸ்தகம் வைத்திருந்தார். மிதமான உணவு, மௌனம், ஒழுங்கு, சிக்கனம் முதலாக 13 குணங்கள். வாரத்திற்கு ஒன்றாக வருஷத்தில் நான்கு சுற்று. தவறிய இடத்தில் கரும்புள்ளி. ஒழுங்கு மட்டும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. நமது மேஜையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டு நம்மை மன்னிப்பார்கள்.

1748-ல், 42-வது வயதில், அவர் தொழிலிலிருந்து விலகினார். டேவிட் ஹால் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அச்சுக்கூடத்தை நடத்துவது, 18 வருஷம் லாபத்தில் பாதியைப் பிராங்க்ளினுக்குத் தருவது என்று ஒப்பந்தம். கிடைத்த ஓய்வு மின்சார ஆராய்ச்சிக்குப் போயிற்று. இடிதாங்கி உலகத்துக்குக் கிடைத்தது. அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. 1753-ல் லண்டன் ராயல் சங்கம் காப்லி பதக்கம் அளித்தது. பிலடெல்பியாவில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு வைத்தியசாலை அமையவும் பாடுபட்டார். 1751 முதல் சட்டசபை வேலை. 1757-ல் மாகாணத்தின் சார்பாக லண்டன் பிரயாணம். ஓய்வு என்பது பெயரளவில்தான் மிஞ்சிற்று.

ஆயினும், அந்த ஓய்வுக்குக் கூலி கொடுத்தவர்கள் யார்? அவர் வீட்டில் கறுப்பின மக்கள் அடிமைகளாக ஊழியம் செய்தார்கள். அவருடைய பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களைக் காசு வாங்கி வெளியிட்டது. 1787-ல் அடிமைமுறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானதும், 1790-ல் மரணத்திற்குச் சில வாரங்கள் முன்பு அமெரிக்கக் காங்கிரசுக்கு அதுபற்றி விண்ணப்பம் அனுப்பியதும் உண்மையே. எனினும் முன்னதை மறைப்பது நியாயமாகாது.

நம் வாலிபர்கள் சேர்த்துவைக்கும் முதலும் தானாகக் குட்டி போடுவதில்லை. பங்குகளிலிருந்து வரும் லாபாம்சம் எங்கோ ஒரு மில்லில், ஒரு பண்டகசாலையில், எவரோ காலை முதல் இரவுவரை உழைத்ததன் பகுதி. இதை அறிந்து ஓய்வு பெறுகிறவர், 40 வயதுக்குப் பிறகு கையில் விழும் பொழுதை என்ன செய்யப்போகிறார் என்று கேட்க அந்த உழைப்பாளிக்குப் பாத்தியம் உண்டு. பிராங்க்ளினை ஹால் அவ்வாறு கேட்டிருந்தால், காட்டுவதற்கு இடிதாங்கியும் வைத்தியசாலையும் இருந்தன.

ஒப்பந்தம் 1766-ல் முடிவடைந்தது. ஹால் வேறொரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு அச்சுத் தொழிலைத் தொடர்ந்து நடத்தினார். 1772-ல் காலமாகும் வரையில் அவர் ஓய்வு பெறவில்லை.