ஸ்மார்ட் கண்ணாடி: அணிபவருக்கு வசதி, எதிரில் நிற்பவருக்கு?

ஸ்மார்ட் கண்ணாடி என்றதும் ஏதோ பெரிய கருவி என்று பலர் நினைக்கிறார்கள். பார்ப்பதற்கு அது சாதாரண மூக்குக்கண்ணாடி போலத்தான் இருக்கிறது. வெளிநாட்டில் தொழில் செய்யும் மச்சான் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த ரேபன் மெட்டா கண்ணாடியை இரண்டு வாரங்கள் அணிந்து பார்த்தேன். அந்த அனுபவத்தையும் அதனால் எழுந்த கேள்வியையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

2023இன் இறுதிப் பகுதியில் விற்பனைக்கு வந்த இந்தக் கண்ணாடியின் ஆரம்ப விலை 299 டொலர். எடை ஏறத்தாழ 50 கிராம். முன்பக்கத்தின் ஒரு மூலையில் 12 மெகாபிக்சல் கெமரா, மறு மூலையில் சிறிய வெள்ளை விளக்கு. காதில் மாட்டும் தண்டுகளில் ஒலிபெருக்கிகள். ஐந்து மைக்குகளும் உண்டு. திரை எதுவும் இதில் இல்லை. கையடக்கத் தொலைபேசியுடன் இணைந்தே வேலை செய்கிறது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் நான்கு மணித்தியாலம் வரை பாவிக்கலாம்.

வசதியை மறுக்க முடியாது. இரண்டு கைகளிலும் சாமான் பைகளுடன் நடந்துகொண்டே தொலைபேசியில் பேசினேன். சைக்கிள் பழகும் மகளைப் பின்னால் பிடித்து ஓடியபடியே வீடியோ எடுத்தேன். காதை அடைக்காததால் பின்னால் வரும் வாகனச் சத்தமும் கேட்கிறது, அதானும் கேட்கிறது. சில நாடுகளில் பார்வையற்றவர்கள் 'பி மை ஐஸ்' சேவையை இதனூடாகப் பயன்படுத்துகிறார்கள். தொண்டர் ஒருவர் கெமரா வழியே பார்த்து, எதிரில் என்ன இருக்கிறது என்று குரலால் சொல்கிறார். அவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் எதிரில் நிற்பவரின் நிலை வேறு. புடவைக் கடையில் ஒரு நானா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல கெமரா இருக்கா?" என்று கேட்டார். ஆம் என்றதும் பக்கத்தில் நின்ற பெண்மணி ஷாலை இழுத்துவிட்டு விலகிப் போனார். நான் எதையும் எடுக்கவில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்?

தொலைபேசியில் படமெடுப்பவர் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதைக் கண்டு விலகலாம், வேண்டாம் என்று சொல்லலாம். கண்ணாடியில் அந்த அடையாளம் இல்லை. படமெடுக்கும்போது அந்த வெள்ளை விளக்கு எரியும்; அதை மூடினால் கெமரா இயங்க மறுக்கும். ஆனால் நண்பகல் வெயிலில் அந்தச் சிறு ஒளி எளிதில் கண்ணில் படாது. பட்டாலும் அதன் அர்த்தம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2024இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இதே வகைக் கண்ணாடியை முகம் தேடும் இணையத்தளம் ஒன்றுடன் இணைத்து, வழியில் காணும் அந்நியர்களின் பெயர் போன்ற விபரங்களை உடனே கண்டறிய முடியும் என்று செய்து காட்டினர். எச்சரிப்பதே அவர்களது நோக்கம். நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. எனினும் ஒருவர் தனது சொந்த, வீட்டுத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுகளுக்கு அது பொருந்தாது.

எனவே பொறுப்பு அணிபவரிடமே வருகிறது. பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கேட்கச் சொல்லும் மார்க்கம் நமது. அந்த ஒழுக்கம் கண்ணாடிக்கும் பொருந்தும்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். பள்ளிவாசல், கல்யாண வீடு, மையித்து வீடு, வைத்தியசாலை, பாடசாலை ஆகிய இடங்களில் இதை அணிவதில்லை. பவர் கண்ணாடியாக அணிபவர்கள் சாதாரணக் கண்ணாடி ஒன்றையும் கையில் வைத்திருப்பது நல்லது. முடியாவிட்டால், இடது தண்டின் உட்புறத்திலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, அணைத்திருப்பதை எதிரில் இருப்பவரிடம் சொல்லிவிடலாம்.

பெண்கள் பகுதியில் தொலைபேசியால் படமெடுக்க வேண்டாம் என்று கல்யாண வீடுகளில் கேட்டுக்கொள்கிறோம். இனி அந்த வேண்டுகோளில் கண்ணாடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன், அந்த வெள்ளை விளக்கு எதற்கு எரிகிறது என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம்.