அட்டை ஒன்று, ஆட்டம் பத்துப் பேருக்கு!

பெங்களூர் அல்சூரில் வசிக்கும் தமிழ் நண்பர்கள் பத்துப் பேர், சென்ற ஞாயிறன்று சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் உள்ள விளையாட்டு 'பார்' ஒன்றுக்குச் சென்றனர். தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள், அவர்களில் இருவர் பெண்கள்.

"பாரா?" என்று பெண்கள் தயங்கினர். உள்ளே பாட்டில்களைவிட ஆட்ட இயந்திரங்களே அதிகம்! அவற்றில் ஒன்று 'பேக்மேன்'. 1980-ல் ஜப்பானில் பிறந்தது. ஆண்களே மொய்த்த ஆட்டக் கூடங்களுக்குப் பெண்களையும் வரவழைக்கவே அதை அமைத்ததாக, உருவாக்கிய டோரு இவாடானி கூறியிருக்கிறார்.

அங்கே காசு போட்டு ஆட முடியாது. முன்பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும். அட்டையைத் தேய்த்தால் ஆட்டம். பணம் கரைவது கண்ணுக்குத் தெரியாது!

சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்ட இளைஞர் ஒருவர், "நான் வேடிக்கை பார்க்கிறேன்" என்று ஒதுங்கினார்.

"தம்பி, நீ ஆடாவிட்டால் யாரும் ஆடவில்லை" என்றார் மூத்த குமாஸ்தா.

அவரவர் இயன்றதைப் போட, ஒரே அட்டை வாங்கப்பட்டது. ஆளுக்கு மூன்று ஆட்டம். மது வேண்டுவோர் சொந்தச் செலவில். அட்டை தீர்ந்தால் கிளம்பிவிட வேண்டும்.

பேக்மேனில் அதிகப் புள்ளி எடுத்தவர், வாசலில் தயங்கிய பெண்களில் ஒருவர்!

அட்டை தீர்ந்தது. பஸ் ஏறும்போது இளைஞர் சொன்னார்: "அடுத்த முறை என் பங்கும் உண்டு, அண்ணே."