மாத்திரைக்கு மணியடிக்கும் செயலி: எதை நம்பலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் பெரும்பாலும் ஐந்தாறு மாத்திரைகள் இருக்கும். ஆஸ்பிரின், கூடவே குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலார், கொழுப்புக்கு ஒன்று, பிபிக்கு ஒன்றிரண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் முதல் இரண்டையும் மருத்துவர் சொன்ன காலத்துக்கு முன் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடியும் மாரடைப்பு வரலாம். நெஞ்சு வலி போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை என்று தோன்றும் வாரங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். நாள்பட்ட நோய்களுக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லிவிட்டது.

அந்தக் குறையைப் போக்கத்தான் நினைவூட்டும் செயலிகள் வந்தன. அவற்றால் பயன் உண்டா? ஆஸ்திரேலியாவில் 163 இதய நோயாளிகளிடம் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வில், செயலி வைத்திருந்தவர்கள் மூன்று மாத முடிவில் மாத்திரையை மற்றவர்களைவிட ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னார்கள். வெறுமனே நேரத்தை நினைவுபடுத்தும் செயலிக்கும் ஏகப்பட்ட வசதிகள் கொண்ட செயலிக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் 411 பிபி நோயாளிகளிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு இன்னும் கறாரானது. 12 வாரத்தில் மருந்து எடுக்கும் ஒழுங்கு சற்றே கூடியது. ஆனால் ரத்த அழுத்தம் செயலி இல்லாதவர்களைவிடக் கூடுதலாகக் குறையவில்லை.

ஆக, எளிய நினைவூட்டலே போதும். போனில் ஏற்கெனவே இருக்கும் அலாரம்கூட இந்த வேலையைச் செய்யும். அப்படியிருக்க, உங்கள் தொடர்பு எண்கள், இருப்பிடம், மருந்துச் சீட்டின் படம் எல்லாவற்றையும் ஒரு செயலி கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். இந்தக் கவலை கற்பனையல்ல. பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-ல் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துத் தள்ளுபடி நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. 15 லட்சம் டாலர் அபராதத்துக்கு அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், தகவலைத் திருத்தவும், அழிக்கச் சொல்லவும் அது உரிமை தருகிறது; ஆனால் இந்த உரிமைகள் பிற்கட்டத்தில்தான் அமலுக்கு வருகின்றன. முதலில் செயலி நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். எழுதியதன் நகல் கையில் இருக்கட்டும். அங்கே தீராவிட்டால், அந்த உரிமைகள் அமலுக்கு வந்தபின் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம். இலவசம் என்று சொல்லிவிட்டு சந்தா பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணமோசடி என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

செயலியாலேயே வரும் தவறுகளும் உண்டு. மருத்துவர் அளவை மாற்றியிருப்பார். செயலி பழைய அளவையே சொல்லிக்கொண்டிருக்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் போன்றவற்றின் அளவு ரத்தப் பரிசோதனைக்கு ஏற்ப மாறுவதால் அங்கே இது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி போய்வந்ததும் புதுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகனோ மகளோ உடனிருக்க, அளவுகளைச் சரிபாருங்கள். பேட்டரி சேமிப்பு முறையில் சில போன்களில் நினைவூட்டல் வராமலே போகும். ‘எடுத்துவிட்டேன்’ என்று பொத்தானை அழுத்திவிட்டு மாத்திரையை மறந்துபோவதும் நடக்கிறது. அட்டையில் மீதி எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வேளை மாத்திரை தவறிப்போனால் மருத்துவர் சொல்லாமல் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

எந்த அலாரமும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: ஏன் எடுக்கவில்லை? என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. பிபி மாத்திரையான ராமிப்ரில் எடுப்பவர்களில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள், வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தர வழியிருக்கிறது. விலைதான் தடை என்றால் அதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். மக்கள் மருந்தகத்திலும் தமிழ்நாட்டின் முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் மாத்திரைகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மருந்தை எந்தக் கடையில் வாங்குவது என்பது உங்கள் விருப்பம். தங்கள் கடையில்தான் வாங்கவேண்டும் என்று எந்த மருத்துவமனையும் வற்புறுத்தக் கூடாது.