ஊறவைத்த கறி: தென்சென்னை வீடுகளில் மாட்டுக்கறி சமைப்பது பற்றி



நினைவுச் சொற்பொழிவில் சமையல் குறிப்பா என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டில் எதைச் சமைப்பது என்று குடியிருப்பவரே முடிவு செய்ய முடியாத நகரம் இது. இங்கே சமையலும் மேடையில் பேச வேண்டிய பொருள்தான். உணவு விடுதிகள் 'ஸ்டேக்' என்று பெயரிட்டு விற்கும் மாட்டுக்கறியை வீட்டுத் தோசைக்கல்லில் செய்வது எப்படி என்று இன்று விளக்குகிறோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் அது ஏன் எளிதாக இல்லை என்பதையும் சேர்த்துப் பேசுகிறோம்.

ஸ்டேக் யாருடையது?

ஸ்டேக் வெள்ளைக்காரன் உணவு, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைக்கிறவர்கள் சென்னையின் பழைய சமையற்கட்டுகளை எட்டிப் பார்க்க வேண்டும். கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்பவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய 'குலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' என்ற நூல் 1878இல் வெளிவந்தது. சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களுக்கான சமையல் நூல் அது. அதில் சமையல்காரருக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. ஊரில் உள்ள எல்லாச் சமையல்காரரும் அவருக்கு ராமசாமிதான்.

யார் அந்த ராமசாமிகள்? மாட்டிறைச்சியைத் தொடச் சாதி இந்துக்கள் மறுத்த காலத்தில், வெள்ளையர் வீட்டு அடுப்படிகளில் பெருமளவில் வேலை பார்த்தவர்கள் பறையர் சமூகத்தினர். அடையாற்றங்கரைத் தோட்ட வீடுகளின் அடுப்பில் கறியின் பதம் பார்த்த கை அவர்களுடையது. புத்தகத்தில் கர்னலின் பெயர் நின்றது. சமைத்தவரின் சொந்தப் பெயர் நிற்கவில்லை. ஆகவே ஸ்டேக்கைச் சமைக்கும்போது புதிதாக எதையும் நாம் கடன் வாங்கவில்லை.

சட்டமும் சட்டியும்

வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துச் செய்த ஸ்டேக் ரப்பர் போல் ஆகிவிட்டது என்று மாணவர்கள் சொல்வதுண்டு. குறை அவர்கள் கையில் இல்லை. அங்கே இறைச்சிக்கென்றே வளர்த்து, பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி வெட்டுகிறார்கள். இங்கே தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958-இன்படி, பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது என்றோ, காயத்தாலும் தீராத நோயாலும் நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். பசுவையும் கிடாரியையும் இறைச்சிக்கூடங்களில் வெட்டுவதற்கு 1976இல் வந்த அரசாணை தடை விதித்தது. ஆக, நம் தட்டுக்கு வருவது பெரும்பாலும் ஏரும் வண்டியும் இழுத்து ஓய்ந்த உடம்பு.

உழைத்த தசையில் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம் மிகுந்திருக்கும். வயது ஏற ஏற அதன் பிணைப்புகள் இறுகும். பல்லுக்கு அகப்படாத கடினம் அங்கிருந்துதான் வருகிறது. நீண்ட நேரம் ஈரச் சூட்டில் வெந்தால் அதே கொலாஜன் ஜெலட்டினாக இளகி, குழம்புக்குக் கொழகொழப்பும் சுவையும் தரும். நம் தாய்மார்கள் மாட்டுக்கறியை மணிக்கணக்கில் வேகவிட்டது இதனால்தான். 'இந்தச் சனங்களுக்குப் பக்குவம் தெரியாது' என்று ஏளனம் செய்தவர்கள், நமக்குக் கிடைத்த கறி எது என்று ஒருபோதும் கேட்டதில்லை.

ஊறவைத்தல்

கல்லில் வாட்டுவதற்கு ஏற்றது 'அண்டர்கட்'. கடைக்காரரிடம் இதே பெயரைச் சொன்னால் போதும். முதுகெலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் இந்தத் தசை மாட்டின் உடலில் மிகக் குறைவாக வேலை செய்வது. அதனால் மென்மையானது, விலையும் கூடியது. அது கட்டுப்படியாகாவிட்டால் தொடைக்கறியை வாங்கி மெல்லியதாக வெட்டச் சொல்லலாம். நெஞ்சும் கால்தசையும் குக்கருக்கு உரியவை. கல்லில் போட்டு வீணாக்க வேண்டாம்.

அன்று காலை வெட்டிய கறியை அன்றே வாட்டினால் விறைப்பாக இருக்கும். ஓர் இரவாவது குளிர்பெட்டியில் வைத்தால், தசையிலுள்ள நொதிகளே அதைச் சற்று இளக்கும். அந்த இரவிலேயே அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பைத் தடவிவிடுங்கள். உப்பு மெதுவாக உள்ளே இறங்கி, வேகும்போது நீர் வற்றிப்போகாமல் காக்கும்.

மறுநாள் இரண்டு மேசைக்கரண்டி தயிர், நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு, கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துப் பிசறி இரண்டு மணி நேரம் விடலாம். தொடைக்கறியானால், கடைசி அரைமணியில் தோலோடு அரைத்த பச்சைப் பப்பாளி ஒரு தேக்கரண்டி சேர்க்கவும். பப்பாளிப் பாலில் உள்ள பப்பைன் என்ற நொதி புரதத்தை அறுக்கும். நேரம் கூடினால் மேற்புறம் களியாகிவிடும், உள்ளே கடினம் அப்படியே இருக்கும். எலுமிச்சையைச் சமைத்தபின் பிழிவது நல்லது; முதலிலேயே பிழிந்து நெடுநேரம் வைத்தால் கறி வறண்டுவிடும்.

கல்லில் இடுதல்

கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிடவும். ஊறிய மசாலாவை வழித்து, துணியால் கறியின் ஈரத்தை ஒற்றி எடுக்கவும். ஈரம் இருந்தால் கறி அவியும். உலர்ந்தால்தான் நிறமும் மணமும் ஏறும். ஓர் அங்குலக் கனமுள்ள துண்டுக்குப் பக்கத்துக்கு நான்கு நிமிடம். இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, தசைநாரின் ஓட்டத்துக்குக் குறுக்காக அரியவும். கத்தியை எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதிலேயே பாதி மென்மை இருக்கிறது.

வடியும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல; மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர். இருந்தாலும் நம் கடைகளில் கறி வெட்டியது முதல் குளிர்ச்சியில் இருப்பதில்லை. எனவே உள்ளே பச்சையாக விடாமல் முழுதும் வேகவைப்பதே நமக்கு ஏற்றது. உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அச்சமில்லை.

வாடை

இத்தனையும் செய்துவிடலாம். அதற்கு முன் வீடு கிடைக்க வேண்டும். 'நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?' என்று கேட்ட வீட்டுக்காரர்களிடம் எங்களில் பலர் பதில் சொல்லி நின்றிருக்கிறோம். சாதியை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களின் கேள்வி அது. வீடு கிடைத்த பிறகும் கறுப்பு கவரில் சுற்றி எடுத்துவந்து, சன்னலைச் சாத்திச் சமைத்திருக்கிறோம். அதே தெருவில் இருப்பவர்கள் பெரிய விடுதிகளில் ஸ்டேக் சாப்பிட்டதைப் பெருமையாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். விடுதியில் நாகரிகமாக இருப்பது நம் அடுப்பில் மட்டும் தீட்டாகிறது.

கல்விக்கூடமும் விலக்கல்ல. மாட்டுச் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் ஒன்றிய அரசின் விதிகள் 2017 மே மாதம் வந்தன. அதை எதிர்த்து அடையாற்றை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து நடத்தினார்கள். பங்கேற்ற ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு நாளில் தாக்கப்பட்டார். அந்த விதிகளுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2018 டிசம்பரில் அதே வளாகத்தின் உணவகம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனி வாசல் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டது.

தீண்டாமைக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' பற்றிய நூலில் ஆராய்ந்தார். செத்த மாட்டை உண்பதை விடுங்கள் என்று மகாடில் 1927இல் சொன்னவரும் அவரே. இரண்டிலும் முரண் இல்லை. ஊரார் இழுத்துப்போடச் சொன்ன செத்த மாட்டைத் தின்ன வேண்டியிருந்த கட்டாயம் வேறு. உழைத்த காசில் விரும்பிய கறியை வாங்கி, பதமாகச் சமைத்து, திறந்த சன்னலருகே அமர்ந்து உண்ணும் உரிமை வேறு. முதலாவதை அவர் ஒழிக்கச் சொன்னார். இரண்டாவதை நாம் பெற்றாக வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் அம்மா, ஆயா, அத்தை மாட்டுக்கறி சமைக்கும் முறையை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வையுங்கள். எழுதியதன் மேலே அவர்கள் பெயரை எழுதுங்கள். இன்னொரு ராமசாமி நமக்கு வேண்டாம்.

ஜெய்பீம்.